பலாபத்வலையில் ஒரு பருவத்தின் தலைவாசல்

கண்டி மாநகரையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ-9 நெடுஞ்சாலை ஏறத்தாழ 320 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் தென்பகுதியில், மாத்தளை நகரைக் கடந்து வடக்கு நோக்கிச் செல்வோர் முதலில் அலுவிகாரையின் பாறைக் குகைகளைக் காண்பர். அங்கிருந்து மேலும் சில கிலோமீற்றர் சென்றால் பலாபத்வல என்னும் சிற்றூர் எதிர்ப்படும். நெடுந்தூர பஸ்வண்டிகளில் செல்வோர் பெரும்பாலும் கண்ணயர்ந்தபடியே அதைக் கடந்துவிடுவர். தம்புள்ளைக்கும் அநுராதபுரத்துக்கும் அப்பாலுள்ள வடபுலத்துக்கும் போகின்றவர்களுக்கு அது வழியில் வரும் ஒரு பெயர்ப்பலகை மாத்திரமே. ஆயினும் அங்கு இறங்கி ஒரு பகற்பொழுதைக் கழிப்பவர், மனித மனத்தின் இரு பழைய குணங்களான நம்பிக்கையையும் அவநம்பிக்கையையும் ஒரே திண்ணையில் அருகருகே அமர்ந்திருக்கக் காணலாம். நாம் கண்டோம், அதனையே வாசகர்களுக்குச் சொல்ல விழைகின்றோம்.

நாம் அங்கு சென்றது 2025ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தின் முதல் வாரத்தில். இங்கிலாந்தின் உதைபந்தாட்டப் பருவம் தொடங்குவதற்கு இன்னும் சில தினங்களே இருந்தன. இங்கிலாந்துக்கும் பலாபத்வலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் வந்தபின் அத்தொடர்புக்குக் குறைவேயில்லை. மாத்தளை மாவட்டத்தில் எத்தெருவில் நடந்தாலும் ஆர்செனல், லிவர்பூல், மன்செஸ்டர் யுனைட்டட் ஆகிய கழகங்களின் மேற்சட்டை அணிந்த இளைஞர் நாலைந்து பேரையாவது காணலாம்.

வழியும் ஊரும்

கொழும்பிலிருந்து செல்வோர் கண்டி வரை புகைவண்டியில் சென்று, அங்கிருந்து மாத்தளைக் கிளைப் பாதையில் மற்றொரு வண்டி ஏறலாம். 1880ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இப்பாதை மாத்தளையோடு முடிந்துவிடுகிறது. அதன்பின் பஸ்வண்டியே துணை. வழியின் இருமருங்கிலும் வாசனைத் திரவியத் தோட்டங்கள். மிளகு, கராம்பு, சாதிக்காய், கறுவா, கொக்கோ, கோப்பி என்று ஒரு மளிகைக் கடையே மரங்களாக நிற்பதுபோன்ற தோற்றம். வெளிநாட்டு உல்லாசப் பிரயாணிகள் வந்து இறங்குவதும், எண்ணெய்க் குப்பிகளை வாங்கிச் செல்வதும் அன்றாடக் காட்சி.

இவ்வழி தமிழருக்கு வெறும் வழியன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களில் வேலை செய்யத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டினூடே கால்நடையாக நடந்து, தம்புள்ளையைத் தாண்டி மாத்தளையை வந்தடைந்தார்கள். காய்ச்சலாலும் பசியாலும் வழியிலேயே மடிந்தோர் பலர். தப்பிப் பிழைத்தவர்கள், “நாலு காசு சேர்த்துக்கொண்டு அடுத்த வருஷம் ஊருக்குத் திரும்பிவிடலாம்” என்று எண்ணியே மலையேறியிருப்பார்கள். அந்த அடுத்த வருஷம் பெரும்பாலோருக்கு வரவேயில்லை. எனினும் அவர்களின் சந்ததியார் மாத்தளை முத்துமாரியம்மனுக்கு மாசி மகத்தில் தேர் இழுக்கின்றனர். தோட்டத்து மைதானங்களில் பந்து உதைக்கின்றனர். ‘அடுத்த வருஷம்’ என்னும் சொல்லின் வலிமையை அறிந்த மக்கள் இவர்கள். உதைபந்தாட்ட அபிமானிகளுக்கும் அதுவே மூலமந்திரம் அல்லவா?

தேநீர்க்கடை நியாயசபை

பிரதான வீதியோரத்துத் தேநீர்க்கடை ஒன்றில் நாம் சற்று இளைப்பாறினோம். அங்கே இளைஞர் இருவர் காரசாரமாக வாதிட்டுக்கொண்டிருந்தனர். ஒருவர் ஆர்செனல் பக்தர். மற்றவர் மன்செஸ்டர் யுனைட்டட் பக்தர். முதியவரான ஒரு மிளகு வியாபாரி நடுவில் அமர்ந்து இருவரையும் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார்.

“இந்த வருசம் கிண்ணம் எங்களுக்குத்தான் நாநா, எழுதி வெச்சுக்கங்க” என்றார் ஆர்செனல் பக்தர்.

“போன வருசமும் இதத்தானே தம்பி சொன்னீங்க?”

“அது போன வருசம். இந்த வருசம் வேற.”

அவருடைய கழகம் இறுதியாக இங்கிலாந்தின் சாம்பியனானது 2004ஆம் ஆண்டில். அப்பருவத்தில் ஓர் ஆட்டத்திலேனும் தோற்கவில்லை. அதன்பின் இருபத்தொரு வருஷ வறட்சி. 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இரண்டாம் இடம். இலவு காத்த கிளி என்று நம் முன்னோர் சொன்னது இவரைக் கண்டுதானோ என்று நாம் எண்ணினோம். ஆனால் அவர் முகத்தில் சோர்வின் நிழலே இல்லை. மூன்று முறை இரண்டாம் இடம் வந்தவனுக்கு நான்காம் முறை முதலிடம் வருவதே நியாயம் என்பது அவர் கணக்கு.

மற்றவரோ ஒரு பெருமூச்சோடு பேசினார். “எங்க கழகம் போன பருவம் 15ஆவது இடம். இந்த வருசம் இன்னும் கீழ போகாட்டி அதுவே போதும்.” 2013க்குப் பின் அவருடைய கழகம் சாம்பியன் பட்டம் பெறவில்லை. 2025 மே மாதம் ஐரோப்பியக் கிண்ணம் ஒன்றின் இறுதி ஆட்டத்துக்கு வந்தும் டொட்டன்ஹாம் கழகத்திடம் 1–0 என்று தோற்றது. “எதிர்பார்த்தாத்தானே ஏமாத்தம் ஐயா? நான் எதையும் எதிர்பார்க்கிறதில்ல” என்று நம்மிடம் திரும்பிச் சொன்னார். அப்படிச் சொன்னவர் புதிய பருவத்தின் முதல் ஆட்டம் எந்த நாளில், நம் நாட்டு நேரப்படி எத்தனை மணிக்கு என்பதையும் உடனே ஒப்புவித்தார். எதையும் எதிர்பாராதவருக்கு நேரம் எதற்கு என்று வியாபாரி கேட்டபோது கடை முழுவதும் சிரித்தது, அவரும் சிரித்தார்.

கணக்கு என்ன சொல்கிறது?

மாணவர்களுக்காக ஒரு சிறு கணக்கு. இங்கிலாந்தின் முதற்பிரிவில் 20 கழகங்கள். ஒவ்வொன்றும் மற்றப் பத்தொன்பதோடும் இருமுறை மோத வேண்டும். ஆகவே கழகமொன்றுக்கு 38 ஆட்டங்கள், மொத்தம் 380. ஆண்டின் இறுதியில் சாம்பியன் ஒன்றே. கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்படுவன மூன்று. ஒருவர் வென்றால் மற்றவர் தோற்றே ஆகவேண்டும். எல்லா அபிமானிகளின் எதிர்பார்ப்பையும் ஒன்றாகக் கூட்டினால், இருக்கின்ற வெற்றிகள் அவர்களுக்குப் போதமாட்டா. ஆதலின் பருவத்தின் முதல்நாளில் மொத்தத்தில் நம்பிக்கை எப்போதும் மிகையானதே.

அனுபவம் இந்த மிகையைத் திருத்தாதா? அமெரிக்க நாட்டு உதைபந்தாட்டத்தை வைத்து 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று இதையே வினவியது. அபிமானிகள் வாரந்தோறும் தம் அணியின் வெற்றி வாய்ப்பைக் கணித்தனர். சரியாகக் கணிப்போருக்குப் பரிசும் உண்டு. மாதக்கணக்கில் முடிவுகளைக் கண்டபின்னரும் அவர்களின் மிகை நம்பிக்கை நீங்கவில்லை என்று ஆய்வாளர் கண்டனர். பட்டறிவு பாசத்துக்கு முன் தோற்றுப்போகிறது.

அதற்காக அவநம்பிக்கைக்காரரே அறிவாளி என்று சொல்லிவிடவும் இயலாது. லெஸ்டர் நகரக் கழகம் 2015ஆம் ஆண்டில் கீழே இறக்கப்படும் அபாயத்திலிருந்து மயிரிழையில் தப்பியது. அது அடுத்த பருவத்தில் சாம்பியனாகும் என்பதற்கு ஐயாயிரத்துக்கு ஒன்று என்றே பந்தயக்காரர் விகிதம் கொடுத்தனர். 2016இல் அது சாம்பியனாயிற்று. அதே கழகம் 2023இல் கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்பட்டது. மேலே சொன்ன டொட்டன்ஹாமோ 2025இல் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்று பதினேழு வருஷ வறட்சியைத் தீர்த்தது. அதே பருவத்தில் உள்நாட்டு வரிசையில் 17ஆம் இடத்தில், இறக்கப்படுவோருக்கு நேர்மேலே நின்றது. அதன் அபிமானி அவ்வாண்டில் சிரித்திருக்க வேண்டுமா, அழுதிருக்க வேண்டுமா? நம்பினவனும் அஞ்சினவனும் இருவருமே சரியாகச் சொல்லியிருக்கிறார்கள்!

மிளகுக் கொடியின் படிப்பினை

இவ்வாதத்தைக் கேட்டிருந்த வியாபாரி எம்மைத் தம் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றார். கிளிரிசீடியா மரங்களைத் தழுவி மிளகுக் கொடிகள் ஏறியிருந்தன. அருகிலேயே கராம்பு, அதற்கப்பால் சாதிக்காய், நடுவே பலா, பாக்கு, தென்னை.

“மழையோட பூ வரும் ஐயா. பூத்து ஆறேழு மாசம் காத்திருக்கணும். சரம் சரமா மணி தொங்கிறப்ப எல்லாருமே பணக்காரர்தான். ஆஞ்சு, காய வெச்சு, நிறுத்துப் பார்க்கிறப்பதான் உண்மை தெரியும். மூணு கிலோ பச்சை மிளகு காஞ்சா ஒரு கிலோதான்” என்றார்.

விலையோ விவசாயியின் கையில் இல்லை. 2000ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த இந்திய–இலங்கைச் சுதந்திர வர்த்தக ஒப்பந்தத்தின்கீழ் நம் மிளகுக்கு இந்தியாவில் நல்ல சந்தை கிடைத்தது. 2017 டிசம்பரில் இந்திய அரசாங்கம், கிலோவொன்றுக்கு 500 இந்திய ரூபாவுக்குக் குறைந்த விலையில் மிளகை இறக்குமதி செய்யலாகாது என்று விதித்தது. தன் நாட்டு விவசாயியைக் காக்க அது செய்த காரியம், கடல்கடந்து மாத்தளைக் கொடியிலும் தாக்கிற்று. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது பழமொழி. மிளகுக்காரனுக்கும் அது பொருந்தும்.

எனினும் அவர் கொடியைப் பிடுங்கி எறிந்துவிடவில்லை. மிளகை மட்டும் நம்பியிருக்கவுமில்லை. ஒன்று பொய்த்தால் மற்றொன்று கைகொடுக்கும் என்றே கராம்பும் சாதிக்காயும் பலாவும் கலந்து வளர்க்கப்படுகின்றன. கண்டி நாட்டு வீட்டுத் தோட்டங்களின் பழைய முறை அது. இம்மாவட்டம் அப்பாடத்தைக் கடுமையான விலை கொடுத்துக் கற்றது. 1869இல் இலங்கையில் முதன்முதலாகக் காணப்பட்ட கோப்பி இலைநோய், இருபது வருஷங்களுக்குள் கோப்பித் தொழிலையே அழித்தது. கோப்பியை மாத்திரமே நம்பியிருந்த துரைமார் பலர் கடனாளிகளாயினர். தொழிலாளர் பலர் வந்த வழியே திரும்பினர். கொடி நடுவது நம்பிக்கை; பக்கத்தில் கராம்பும் நடுவது அவநம்பிக்கை. இரண்டும் ஒரே கையால் நடப்பட்டவை என்பதே எமக்கு அத்தோட்டத்தில் விளங்கிய உண்மை.

அச்சம் எழுதிய நூல்

பலாபத்வலைக்குத் தெற்கே நாம் கடந்து வந்த அலுவிகாரையை இங்கே நினைவுகூர்வது பொருத்தமாகும். கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னனின் காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்த புத்த பிரானின் திரிபிடகம் முதன்முறையாக ஏட்டில் எழுதப்பட்டது அங்கேதான் என்பது மரபு. அக்காலத்தில் பஞ்சமும் படையெடுப்பும் நாட்டை வாட்டின. மனப்பாடமாக வைத்திருந்த பிக்குகள் மடிந்துவிட்டால் ஓதுவார் யார் என்னும் அச்சம் எழுந்தது. அவ்வச்சம் அவர்களைச் சோம்பியிருக்கச் செய்யவில்லை; எழுத்தாணியைக் கையில் எடுக்கச் செய்தது. 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது அவ்விகாரையும் அதன் ஏடுகளும் பெருஞ்சேதத்துக்கு உள்ளாயின. ஆயினும் எழுதப்பட்டது பல நாடுகளில் பரவிவிட்டமையால் அழியவில்லை.

ஆகவே அவநம்பிக்கையிலும் இரு வகை உண்டு. கைகட்டி நின்று, “நான் அன்றே சொன்னேன்” என்று பெருமை பேசுவது ஒன்று. வரப்போகும் தீங்கை முன்னறிந்து அதற்கு வேண்டியதைச் செய்வது மற்றொன்று. நம்பிக்கையும் அவ்வாறே இரு வகைப்படும்: திண்ணையில் அமர்ந்து கிண்ணத்தைக் கனவு காண்பது ஒன்று, எழுந்து நடப்பது மற்றொன்று.

சுண்ணாம்பும் பந்தும்

தேநீர்க்கடை இளைஞர் இருவரும் அயலிலுள்ள சிறு உதைபந்தாட்டக் கழகம் ஒன்றின் உறுப்பினர் என்பதைப் பிற்பாடு அறிந்தோம். அந்தக் கழகத்துக்கும் ஒரு புதிய பருவம் பிறக்கவிருந்தது. ஆனால் அதன் கேள்வி கிண்ணமன்று. பதினொருவர் சேர்வார்களா என்பதே. அணித்தலைவர் அடுத்த மாதம் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகிறார். இருவர் ஏற்கெனவே கொழும்பில் கடைகளில் சேர்ந்துவிட்டனர். பள்ளி மாணவர்களைச் சேர்க்கலாமென்றால், பரீட்சை வருகிறது என்று பெற்றோர் தடுக்கின்றனர்.

மாலையில் மைதானத்துக்குச் சென்றோம். மைதானமென்பது ஒரு பக்கம் சரிந்த புல்வெளி. பந்து கீழே உருண்டால் எடுத்துவர ஒரு சிறுவன் தயாராக நிற்கவேண்டும். அங்கே கண்டது எம்மை வியப்பில் ஆழ்த்தியது. எதையும் எதிர்பார்ப்பதில்லை என்று சொன்ன அவநம்பிக்கைக்காரரே ஒரு வாளியில் சுண்ணாம்பைக் கரைத்து எல்லைக்கோடு போட்டுக்கொண்டிருந்தார். வலை அறுந்துவிடும் என்று முன்கூட்டியே தைத்து வைத்தவரும், பந்து பழுதாகும் என்று மற்றொரு பந்துக்கு ஆறு மாதமாகப் பணம் சேர்த்தவரும் அவரே. நம்பிக்கைக்காரரோ வீடு வீடாகச் சென்று தாய்மாரிடம் பேசி, மூன்று சிறுவர்களை அழைத்து வந்திருந்தார். “இவனுங்களைப் பாருங்க ஐயா! ரெண்டு வருசத்தில மாவட்ட அணியில ஆடுவானுங்க” என்றார். சிறுவர்களில் ஒருவனுக்குப் பாதணி இல்லை. இரண்டு வருஷம் என்பது மிகைதான். ஆனால் அந்த மிகையின்றி அச்சிறுவன் அம்மைதானத்துக்கு வந்திருக்கவே மாட்டான். சுண்ணாம்புக் கோடு இன்றேல் வந்தும் பயனில்லை.

அவர்களைப் பயிற்றும் ஆசிரியர் எம்மிடம், “எல்லாரும் வெளிநாட்டு ஆட்டத்தை இரவிரவாக விழித்திருந்து பார்க்கிறார்கள். நம் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு வருவோரை விரல்விட்டு எண்ணிவிடலாம்” என்று வருந்தினார்.

நம் நாட்டின் பருவம்

அவ்வாசிரியரின் கவலை பலாபத்வலைக்கு மாத்திரம் உரியதன்று. இலங்கையின் உதைபந்தாட்டச் சங்கம் 1939இல் அமைக்கப்பட்டு, 1952இல் உலக உதைபந்தாட்டச் சம்மேளனத்தில் சேர்ந்தது. 1995இல் கொழும்பில் நடந்த தெற்காசியக் கிண்ணப் போட்டியின் இறுதியாட்டத்தில் நம்மவர் இந்தியாவை 1–0 என்று வென்றபோது எழுந்த நம்பிக்கைக்கு எல்லையில்லை. 2021 நவம்பரில் கொழும்பில் நடந்த நான்கு நாடுகளின் போட்டியில் இறுதிவரை வந்து, 3–3 என்று சமன்செய்து, தண்ட உதையில் சீஷெல்ஸ் தீவினரிடம் கிண்ணத்தை இழந்தோம். 2022 ஏப்ரலில், நாடு பொருளாதார நெருக்கடியில் தத்தளித்த வேளையில், களுத்துறை புளூ ஸ்டார் கழகம் கொல்கத்தா சென்று மோகன் பகானிடம் 5–0 என்று தோற்றது. 2023 ஜனவரியில் உலக சம்மேளனம் நம் சங்கத்தை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் வரை நம் அணி எந்நாட்டோடும் ஆட முடியவில்லை. அவநம்பிக்கைக்கு இதற்குமேல் என்ன ஆதாரம் வேண்டும்?

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2024 செப்டெம்பரில், ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றுக்கான ஆட்டத்தில் கம்போடியாவைக் கொழும்பில் 0–0 என்றும், அவர்கள் மண்ணில் 2–2 என்றும் சமன்செய்து, தண்ட உதையில் நம்மவர் வென்றனர். ஏறத்தாழ ஏழு மாத காலம் இடைநிறுத்தப்பட்டிருந்த அணி, அடுத்த ஆண்டே வெளியூரில் நின்று வென்றது. ஏ-9 நெடுஞ்சாலையின் மறுமுனையில் இளவாலை, குருநகர், நாவாந்துறை முதலிய ஊர்களில் உதைபந்தாட்டம் இன்றும் மக்களின் உயிரோடு கலந்தது. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவிகள் தேசிய மட்டத்தில் சாம்பியன்களாகி, இது ஆண்பிள்ளைகளுக்கே உரிய ஆட்டம் என்ற எண்ணத்தை மாற்றினர். போர்க்காலத்தில் இச்சாலை அடைபட்டும் திறந்தும் மீண்டும் அடைபட்டும் கிடந்தது. அக்காலத்திலும் அங்கே பந்து உருளாமல் நின்றுவிடவில்லை.

பெற்றோர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இது. பிள்ளை இலண்டன் கழகத்தின் மீது அன்பு வைப்பதில் குற்றமில்லை. தோல்வியைத் தாங்கவும், வென்றவரைப் பாராட்டவும், அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கவும் அவ்வன்பு கற்றுத் தருகிறது. ஆனால் அவன் கூச்சலிட்டாலும் கண்ணீர் வடித்தாலும் இலண்டன் கழகம் அறியப்போவதில்லை. அவன் பாடசாலை அணியோ, பார்ப்பவர் பத்துப்பேர் என்றால் பதினோராவது ஆளாக அவன் வந்ததை அறியும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு மாலையில் ஒரு மணி நேர ஆட்டம் இடையூறாகாது. இரவு இரண்டு மணி வரை தொலைக்காட்சியின்முன் விழித்திருப்பதே இடையூறாகும்.

மாணவ மணிகளே! புதிய பருவத்தின் முதல்நாட் காலையில் எல்லாக் கழகங்களின் பெயர்களுக்கும் எதிரே பூச்சியமே நிற்கும். சாம்பியனுக்கும் அதுவே, கடைசியாக வந்தவனுக்கும் அதுவே. அன்றைக்கு யார் வெல்வார் என்று வாதிடுவது இன்பமான பொழுதுபோக்கு. வாதம் முடிந்ததும் உங்கள் ஊர் மைதானத்துக்குச் செல்லுங்கள். நம்பிக்கை மிகுந்தவராயின் இரண்டு சிறுவரை அழைத்துச் செல்லுங்கள். அவநம்பிக்கை மிகுந்தவராயின் ஒரு வாளி சுண்ணாம்பு கொண்டு செல்லுங்கள்.